பல்லுக்குள் எழும்பிய சுவர்

போன மாதம் ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். போனுக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவன் கார்த்திக். கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையில் என் கடைசி சில வருஷங்கள் என்கூட ஒப்பந்த டாக்டராக இருந்தவன், இப்போது ஓசூரில் சொந்தமாகப் பல் கிளினிக் வைத்திருக்கிறான். படத்தில் முகம் இல்லை. மேல்வரிசை முன்பற்கள் ஆறு மட்டும் இருந்தன. ஆறும் பாதிக்குப் பாதி தேய்ந்து, நுனி மெலிந்து, தேன் நிறத்தில் பளபளவென்று மின்னின. கீழே கார்த்திக் எழுதியிருந்தான்: "மேடம், பேஷண்டுக்கு வலி இல்ல, கூச்சமும் இல்ல. எக்ஸ்ரேல வேர்க்கால்வாயே தெரியல. என்ன கேஸ் இது?"

அந்தப் பற்களை எனக்குத் தெரியும். ஆட்களின் பெயரை மறப்பேன், முகத்தை மறப்பேன், கடைக்குப் போனால் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிடுவேன். பல்லை மறக்க மாட்டேன். உடனே அவனைக் கூப்பிட்டேன்.

"அந்தம்மா என்ன வேலை பாத்தாங்கன்னு கேட்டியா?"

"இல்ல மேடம். பொண்ணு கூட்டிட்டு வந்தாங்க. வீட்ல கல்யாணமாம். ஆறு பல்லையும் சீவி வெள்ளையா கேப் போடணுங்கறாங்க. மொதல்ல வேர் சிகிச்சை பண்ணிடலாம்னு பாத்தா, உள்ள நுழைய வழியே காணோம். எனாமல் சுத்தமா போயிடுச்சு. மிச்சம் இருக்கறது வெறும் டென்டின்தானே."

வெறும் டென்டின். என் எதிரில் இந்த வார்த்தையைச் சொன்ன யாரும் நிம்மதியாக டீ குடித்ததில்லை. கார்த்திக்குக்கும் அது தெரியும், சொன்ன வேகத்திலேயே "சாரி மேடம்" என்றான். நாளைக் காலை அந்தம்மாவை வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னான். நான் வரும்வரை எந்தக் கருவியையும் கையில் எடுக்காதே என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அவன் என்னைக் கேட்காமலே சீவியிருக்கலாம். எக்ஸ்ரேயைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கேட்டானே, அதற்காக அவனை எத்தனை தடவை வேண்டுமானாலும் மன்னிப்பேன்.

எங்கள் பல் டாக்டர்கள் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று ஜூனியர்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்ன எழுதுவது என்று இழுத்தடித்தேன். அந்தப் படம் வந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன்.

பல் என்றதும் எல்லாருக்கும் வெளியே தெரியும் வெள்ளைதான் ஞாபகம் வரும். அது எனாமல். உடம்பிலேயே கெட்டியான பொருள், மறுப்பதற்கில்லை. ஆனால் எனாமலைக் கட்டிய செல்கள், பல் வெளியே முளைத்ததும் கடையைக் கட்டிவிட்டுப் போய்விடும். அப்புறம் தேய்ந்தால் தேய்ந்ததுதான், உடைந்தால் உடைந்ததுதான். அதற்குள்ளே இருக்கிற மஞ்சள் டென்டின் அப்படியில்லை. எனாமலைவிட மெத்து, எலும்பைவிடக் கெட்டி. நாம் எதைக் கடித்தாலும் அந்த அதிர்ச்சியைக் கொஞ்சம் வளைந்து கொடுத்து வாங்கிக்கொள்வது அதுதான். அதனால்தான் மேலே இருக்கிற எனாமல் விரிசல் விடாமல் நிற்கிறது. பல்லுக்கு நிறம் கொடுப்பதுகூட டென்டின்தான், எனாமல் வெறும் கண்ணாடி.

அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்கள், எண்ணி முடியாது. ஒவ்வொன்றிலும் துளி நீர். பல்லின் நடுவில் நரம்பும் ரத்தமும் ஓடும் பற்கூழ் இருக்கிறதல்லவா, அதன் ஓரத்தில் டென்டினைக் கட்டும் செல்கள் வரிசையாக நின்று, சாகும்வரை கட்டிக்கொண்டே இருக்கின்றன. பல் உருவாகும்போது கட்டுவது முதல்நிலை டென்டின். அதற்கப்புறம் வயதோடு வயதாக மெல்லக் கட்டுவது இரண்டாம்நிலை. தேய்வோ சொத்தையோ நெருங்கி வந்தால், அந்த இடத்தில் மட்டும் அவசர அவசரமாக ஒரு சுவர் எழுப்புமே, அதுதான் மூன்றாம்நிலை. அழகு பார்த்துக் கட்டுகிற சுவர் இல்லை அது. குழல்கள் கோணல்மாணலாக இருக்கும், சில இடத்தில் குழலே இருக்காது. ஆனாலும் எதிரியைத் தடுத்துவிடும். பழைய குழல்களின் வாயைத் தாதுவால் அடைத்து டென்டினைக் கண்ணாடி மாதிரி ஆக்கிக்கொள்கிற வித்தையும் அதற்குத் தெரியும். இவ்வளவும் செய்கிற ஒன்றை வெறும் என்று சொன்னால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

இதையெல்லாம் நான் சென்னையில் படித்தேன். படித்தேன் என்றால், பரீட்சைக்கு எழுதினேன். சிங்காரப்பேட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற எங்கள் பெரியப்பாவிடம் "நீயும் அதத்தான படிக்கப் போற" என்று கேலி வாங்கி, படித்து முடித்துக் கிருஷ்ணகிரியில் வேலைக்குச் சேர்ந்தேன். டென்டின் உண்மையில் எனக்குப் புரிந்தது அங்கே முதல் நாள்தான்.

எங்கள் பல் பிரிவுக்குத் தலைமை டாக்டர் நஞ்சுண்டன். ஒல்லியான மனிதர். வீட்டில் கன்னடம், மார்க்கெட்டில் தெலுங்கு, ஆஸ்பத்திரியில் தமிழ். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். போய்க் கை கழுவுவார். ரொம்பக் கோபம் என்றால் துடைத்த கையோடு திரும்பிப் போய் இன்னொரு தடவை கழுவுவார். குழாய் இரண்டாம் தடவை திறக்கும் சத்தம் கேட்டால் நர்ஸ் முதற்கொண்டு எல்லாரும் நிமிர்ந்து நிற்போம்.

நான் சேர்ந்த அன்று வணக்கம் சொன்னேன். அவர் நாற்காலியைக் காட்டினார், டாக்டர் உட்கார்கிற நாற்காலியை அல்ல, நோயாளி சாய்கிற நாற்காலியை. சாய்ந்தேன். என் ஈறு ஓரத்தை ஒரு பார்வை பார்த்து, வேர் லேசாக வெளியே தெரிந்த ஒரு கடைவாய்ப்பல்லில் காற்றைப் பீச்சினார். உச்சந்தலைவரை சுரீர் என்றது. துள்ளிவிட்டேன்.

"ஏன் துள்ளுனே?"

"டென்டின் குழல்ல இருக்கற தண்ணி நகருது சார். நரம்பு அதை வலியா எடுத்துக்குது."

"பரீட்சையில எழுதுனே. இப்போ தெரிஞ்சுச்சு. இனிமே ஆர் வாயில காத்து வெச்சாலும் மொதல்ல பக்கத்துப் பல்ல பஞ்ச வெச்சு மூடிட்டு வெய்யி."

அவ்வளவுதான் எனக்கு நடந்த வரவேற்பு. வாயால் விளக்குவதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. யாருக்கு எதைப் புரியவைக்க வேண்டுமோ, அதை அவரவர் வாயிலேயே காட்டிவிடுவார். நான் நேரெதிர். எனக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், உடனே செய்ய வேண்டும், செய்ததை நாலு பேரிடம் பீற்றிக்கொள்ளவும் வேண்டும். அவர் என்னிடம் அதிகம் சொன்ன வார்த்தை "ஸ்வல்ப தாளம்மா". கொஞ்சம் பொறு அம்மா என்று கன்னடத்தில். முதல் வருஷத்தில் அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ராயக்கோட்டைத் தக்காளி மண்டியிலிருந்து ஒரு பெரியவர் வருவார். கடைவாய்ப் பற்கள் தட்டு மாதிரி தேய்ந்து பழுப்பாக மின்னும். நான் பதறிப்போய் ஊசி எடுக்கப் போனால், நஞ்சுண்டன் சார் பல்லைச் சோதிக்கிற கம்பியால் தட்டுவார். கண்ணாடியில் தட்டுகிற சத்தம் வரும். பெரியவர் பாட்டுக்குத் தக்காளி விலை பேசிக்கொண்டிருப்பார். "டென்டின் குழலு அடைச்சுகிச்சு. உள்ள கூழும் பின்னால போயிருச்சு. வயசும் தேய்மானமும் சேந்து கட்டுன கோட்டை. நீ போயி எதுக்குத் தொளைக்கறே?" என்று என்னை நகர்த்திவிடுவார். இப்படி ஒவ்வொரு வாயாகக் காட்டிக் காட்டி டென்டினை எனக்குப் பழக்கினார்.

சரோஜா வந்தது நான் சேர்ந்த மறுவருஷம், மாங்காய் சந்தைக்கு வர ஆரம்பித்த சமயம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து உட்கார்ந்து, கையை எடுக்காமலே பேசினார்.

"டாக்டரம்மா, முன்னாடி ஆறு பல்லையும் புடுங்கிடுங்க. செட்டு வெச்சுக்கறேன்."

வாயைத் திறந்து பார்த்தேன். மேல் முன்பற்களின் முகப்பில் எனாமல் கிட்டத்தட்ட இல்லை. மஞ்சள் டென்டின் அப்படியே திறந்து கிடந்தது. நடுவில் இடதுபக்கப் பல்லின் வழியாக உள்ளேயிருந்த பற்கூழ் ரோஜா நிறத்தில் நிழலாடியது. அவர் மூச்சை வாய் வழியாக இழுத்ததற்கே கண்ணில் தண்ணீர் வந்தது.

அவர் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் ருசி பார்க்கிறவர். சீசனில் வண்டி வண்டியாக மாம்பழம் வந்து இறங்கும். இனிப்பையும் புளிப்பையும் அளக்க மிஷின் உண்டு. ஆனால் எந்தக் கூழை எதோடு கலப்பது, எதை ஒதுக்குவது என்பதை ஒரு நாக்குதான் கடைசியாகச் சொல்லும். அந்த நாக்கு சரோஜாவுடையது. அதற்கு முன்பு பல வருஷம் தோல் சீவுகிற வரிசையில் இருந்தவர். கையைக் காட்டினார். மாம்பால் பட்டுப்பட்டு வெந்த தழும்புகள் மணிக்கட்டுவரை இருந்தன.

"ருசி ரூமுக்குள்ள போன ஒரே பொம்பள நாந்தானுங்க. சீசன் தொடங்கிடுச்சு. வாயில கரண்டிய வெச்சாலே உசுரு போவுது. முடியலேன்னு சொன்னா மறுபடியும் தோல் சீவற எடத்துக்கே தள்ளிடுவாங்க. பல்லு இல்லேன்னா கூசாதில்ல? புடுங்கிடுங்க."

கணக்கு அவருக்குத் தெளிவாக இருந்தது. எனக்கும் ஒரு கணக்கு இருந்தது, எல்லாப் பல்லுக்கும் வேர் சிகிச்சை செய்து நரம்பை எடுத்துவிடலாம் என்று. நஞ்சுண்டன் சார் இரண்டையும் கேட்டார். பதில் சொல்லாமல், பல் செட்டுக்கு அளவு எடுக்கிற மெழுகுத் தகடு ஒன்றை வெந்நீரில் காட்டி மெதுவாக்கி, சரோஜாவின் மேலண்ணத்தில் பதித்து அழுத்தினார். வெளியே வரிசையில் ஒரு அம்மா கூடையில் மாம்பழம் வைத்திருந்தார். சார் ஒரு பழம் கேட்டு வாங்கி, ஒரு கீற்று வெட்டி, சரோஜாவின் பின்னாக்கில் வைத்தார்.

"என்ன பழம்மா இது?"

சரோஜா மென்றார். மறுபடி மென்றார். முகம் மாறிவிட்டது.

"தெரியலீங்க. மரத்துப்போன மாதிரி இருக்குது."

"ஆறு பல்லு செட்டு வெச்சா, அது நிக்க இப்படித்தான் மேல ஒரு தகடு வரும். பல்லு கூசாது. நாக்கும் பேசாது."

அவர் மெழுகை எடுத்ததும் சரோஜா அதே கீற்றின் மிச்சத்தை வாயில் போட்டார். "செந்தூரா. நேத்துப் பழுத்தது" என்று சட்டென்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்து அழுதார். பல் இருந்தால் வலி, பல் போனால் வேலையும் போகும். அன்று முழுக்க எனக்கு வேறெதிலும் மனசு ஓடவில்லை.

ருசி பார்த்தால் புளிப்பு படும், எனாமல் கரையும், சரி. ஆனால் அந்த அறையில் அவருக்கு முன் இருந்த ஆண்களுக்கு இப்படி ஆகவில்லையே என்று சார் கேட்டார். அதுவும் பல்லின் முகப்பு மட்டும் ஏன் இவ்வளவு வழவழவென்று தேய வேண்டும்? "நீ போயி பாத்துட்டு வா" என்றார். எனக்குச் சொல்ல வேண்டுமா, மறுநாளே தொழிற்சாலையில் போய் நின்றேன்.

ருசி அறை என்பது ஒரு மேஜை, வரிசையாகக் கிண்ணங்கள், ஒரு தொட்டி. சரோஜா வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார் என்று எழுத ஆசைதான், அவரால் கடிக்கவே முடியவில்லை. ஒரு கரண்டிக் கூழை எடுத்து முன்பல்லுக்குப் பின்னால் வைத்து, காற்றோடு சர்ரென்று உறிஞ்சி, கண்ணை மூடி, துப்பினார். "இதுல பெங்களூரா மாம்பழக் கூழு கொஞ்சம் கூட சேக்கலாம்" என்றார். அப்புறம் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். சிவப்புப் பல்பொடி. ஆள்காட்டி விரலில் தொட்டு, முன்பற்களில் அழுத்தித் தேய்த்தார். கொப்பளித்தார். அடுத்த கிண்ணத்துக்குப் போனார்.

அடுத்த கிண்ணத்தைக் கையால் மறித்தேன்.

"ஒவ்வொரு கிண்ணத்துக்கும் இப்படித் தேய்ப்பீங்களா?"

"ஆமாங்க. முன்னாடி பாத்த புளிப்பு பல்லுல நின்னா அடுத்தத எப்படிச் சொல்றது? ஆம்பளைங்க பீடி வலிச்சிட்டு வந்து அப்படியே பாப்பாங்க. நான் அப்படி இல்லீங்க. சுத்தமாத்தான் பாப்பேன்."

சுத்தம். அதுதான் காரணம். புளிப்பு பட்டதும் எனாமலின் மேற்பரப்பு கொஞ்ச நேரத்துக்கு இளகிப்போகும். சும்மா விட்டால் எச்சில் அதை மறுபடி தேற்றிவிடும். அந்த நேரம் பார்த்துக் கரகரப்பான பொடியால் தேய்த்தால், ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக எனாமல் விரலோடு வந்துவிடும். ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்ற அக்கறையால் தன் பல்லைத் தானே சீவித் தள்ளியிருக்கிறார். பஸ்ஸில் திரும்பும்போது உட்கார முடியவில்லை, சீட் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். ஆஸ்பத்திரிக்குள் ஓடி மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். சார் "ம்" என்றார். அவரிடம் ஒரு "ம்" வாங்குவது பெரிய விஷயம்.

பொடியை நிறுத்துவது சுலபம். தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா கலந்து கொப்பளித்தால் வாயில் நின்ற புளிப்பு போய்விடும், தேய்க்கவே வேண்டாம். சரோஜா ஒப்புக்கொண்டார். ஐந்து பற்களில் கூச்சத்துக்கு மருந்து பூசினோம். மிச்சம் அந்த ரோஜா நிறப் பல். அங்கேதான் எனக்கும் சாருக்கும் சண்டை.

நரம்பை எடுத்துவிட வேண்டும் என்றேன் நான். சீசன் நடுவில் உள்ளே சீழ் பிடித்தால் முகம் வீங்கும், படுத்துவிடுவார், அப்புறம் அந்த அறைக்கதவு அவருக்குத் திறக்காது. இன்றே முடித்துவிட்டால் பயமில்லை.

"கூழு உசுரோட இருக்கு. ஏன் கொல்லணும்?" என்றார் சார்.

"செத்துப்போற வரைக்கும் காத்திருக்கணுமா சார்?"

அவர் எழுந்து போய்க் கை கழுவினார். துடைத்தார். திரும்பிப் போய் மறுபடி கழுவினார். நர்ஸ் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நான் வாயை மூடவில்லை. உங்கள் பொறுமைக்கு அந்தம்மா ஏன் விலை கொடுக்க வேண்டும் என்று கேட்டுவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பி, நிதானமாகச் சொன்னார்.

"நரம்ப எடுத்தா அந்தப் பல்லு அத்தோட சரி. அதுக்கப்புறம் அது ஒண்ணும் கட்டாது. இப்பவே பாதிதான் இருக்கு, உள்ள வேற தொளைச்சா ஒடையும். ஒடைஞ்சா செட்டு. செட்டு வெச்சா நாக்கு போச்சு. அதுக்கு ஒரு சந்தர்ப்பம் குடு. ஸ்வல்ப தாளம்மா."

சரோஜாவிடம் இரண்டு வழியையும் சொன்னோம். இரண்டிலும் இருக்கிற ஆபத்தைச் சொன்னோம். அவர் சாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மெழுகு வெச்சுக் காட்டுனீங்களே, அந்த மாதிரி ஆவாம பாத்துக்கங்க" என்றார்.

அன்று சார் செய்ததை இன்றும் கண்ணால் காண்கிறேன். உதட்டுக்குள் பஞ்சுருளை வைத்து எச்சிலை ஒதுக்கினார். காற்றைப் பீச்சவில்லை, ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றித்தான் துடைத்தார். சொட்டு ரத்தம்கூட எட்டிப் பார்க்கவில்லை, மெல்லிய ஒரு ஏடு டென்டின் இன்னும் மிச்சம் இருந்தது. அதன்மேல் கால்சியம் ஹைட்ராக்சைடு பசையை ஊசிமுனையளவு எடுத்து வைத்தார். சுண்ணாம்புக்குச் சொந்தம் அது. பட்ட இடத்தை லேசாகச் சீண்டிவிடும், உள்ளே இருக்கிற செல்கள் விழித்துக்கொண்டு சுவர் கட்ட ஆரம்பிக்கும். அதற்கு மேலே சிமெண்டைப் பூசி மூடி, அது இறுகும்வரை விரலை எடுக்காமல் நின்றார். எக்ஸ்ரே எடுத்தோம். படத்தில் பற்கூழின் கருப்புக் கூம்பு பல்லின் ஓரம்வரை ஏறியிருந்தது. நடுவில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டை நம்பித்தான் சரோஜாவின் வேலை.

சீசன் உச்சத்தில் இருக்கும்போது ஒரு காலை சரோஜா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். சார் தேன்கனிக்கோட்டைப் பக்கம் மலைக் கிராமங்களுக்கு முகாம் போயிருந்தார். நான் தனியாள்.

"ராத்திரியில இருந்து குத்துதுங்க. இன்னிக்குப் பெரிய லோடு வருது. அன்னிக்கு நீங்க சொன்னதத்தான் செஞ்சிருக்கணும். இப்பவாச்சும் நரம்ப எடுத்துடுங்க."

உண்மையைச் சொல்கிறேன், என் கை நேராகத் துளைக்கும் கருவிக்குத்தான் போனது. நான் ஜெயித்துவிட்டேன் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். ஆனால் சாரிடம் இரண்டு வருஷம் இருந்திருக்கிறேனே, பல்லைக் கேட்காமல் கருவியை எடுக்க உடம்பு ஒப்பவில்லை. ஊசி மூடிகளில் தண்ணீர் ஊற்றிக் குளிர்பெட்டியில் உறையவைத்த ஐஸ் குச்சிகள் எங்களிடம் எப்போதும் இருக்கும். ஒன்றை எடுத்து அந்தப் பல்லில் வைத்தேன். ஐஸை எடுத்த பிறகும் வலி நின்று நின்று குத்தினால் உள்ளே கூழ் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எடுத்ததும் வலி போய்விட்டால், அது இன்னும் தெம்பாக இருக்கிறது.

வைத்ததும் சரோஜா நாற்காலிக் கையைப் பிடித்து எழும்பினார். எடுத்தேன்.

"இப்போ?"

அவர் கண்ணை மூடியிருந்தார். போயிடுச்சுன்னு சொல்லுங்க, சொல்லுங்க என்று உள்ளே கத்திக்கொண்டிருந்தேன்.

"போயிடுச்சுங்க."

மறுபடி வைத்தேன். மறுபடி போய்விட்டது. அப்போதுதான் சிமெண்டின் ஓரத்தைக் கவனித்தேன். ஒரு பொடிச் சில்லு பெயர்ந்து, டென்டின் ஒரு கீற்று வெளியே தெரிந்தது. குத்தல் அதிலிருந்துதான். உறிஞ்சுகிற காற்று அங்கே நேராகப் போய்ப் பட்டிருக்கிறது. கருவியைத் தொடவில்லை. ஈரப் பஞ்சால் துடைத்து, சிமெண்டு குழைத்து, ஓரத்தை மூடி, இறுகும்வரை விரலை எடுக்காமல் நின்றேன்.

"நரம்ப எடுக்கலீங்களா?"

"ஸ்வல்ப தாளம்மா" என்றேன். என் வாயிலிருந்தா வந்தது என்று எனக்கே தூக்கிவாரிப் போட்டது. சரோஜாவுக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும். முறைத்துவிட்டு லோடு பார்க்கப் போனார். அன்றிலிருந்து முன்பல் பக்கம் உறிஞ்சாமல், கரண்டியை நடுநாக்கில் வைத்து ருசிக்கத் தானே பழகிக்கொண்டார்.

சீசன் முடிந்தது. மழை வந்து போனது. தீபாவளி நெருங்கும்போது சரோஜாவை வரவழைத்து மறுபடி எக்ஸ்ரே எடுத்தோம். நான்தான் இருட்டறையில் ஃபிலிமைக் கழுவினேன். தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கி விளக்கில் பிடித்தேன். ஓரம்வரை ஏறியிருந்த அந்தக் கருப்புக் கூம்பு உள்ளே பின்வாங்கியிருந்தது. நூல் இருந்த இடத்தில் தடித்த வெள்ளைச் சுவர். புத்தகத்தில் படித்த மூன்றாம்நிலை டென்டின், என் விரல் நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. சார் என்று நான் கத்திய கத்தலில் மருந்து வாங்கும் வரிசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

நஞ்சுண்டன் சார் வந்தார், வாங்கினார், பார்த்தார். ஃபிலிமை ஈரத்தோடு எடுத்துக்கொண்டு வெளியே போனார். பல் வலியோடு காத்திருந்த வரிசையில் ஒவ்வொருவர் முகத்துக்கு முன்னாலும் அதை வெளிச்சத்தில் பிடித்து, ஆளுக்குத் தகுந்த மாதிரி கன்னடத்தில் "நோடி" என்றும் தெலுங்கில் "சூடண்டி" என்றும் "பாருங்க, பல்லு தானே கட்டியிருக்கு" என்றும் காட்டிக்கொண்டே போனார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஜனங்கள் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்கள். அந்த மனிதர் அவ்வளவு பேசி நான் அதற்கு முன்பும் பார்க்கவில்லை, பின்பும் பார்க்கவில்லை. திரும்பி வந்ததும் குழாயடிக்குப் போனார். ஒரே தடவைதான் கழுவினார்.

அவர் ஓய்வு பெற்றுப் போனார், இப்போது உயிரோடு இல்லை. சரோஜா ஓய்வு பெறும்வரை ருசி அறையில் இருந்தார் என்று கேள்விப்பட்டேன். நேரில் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஓசூர் போனேன். கார்த்திக்கின் கிளினிக்கில் எனக்கு முன்பே அவர்கள் வந்திருந்தார்கள். தலை நரைத்த சரோஜா, பக்கத்தில் கம்பெனி யூனிஃபார்மில் மகள். சரோஜா என்னைப் பார்த்ததும் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார், பிறகு எடுத்துவிட்டுச் சிரித்தார். தேன் நிறப் பற்கள் ஆறும் தெரிந்தன.

"டாக்டரம்மா, இன்னும் நீங்க தாளு தாளுன்னு சொல்லிட்டுத்தான் இருக்கீங்களா?"

மகள் அவசரத்தில் இருந்தாள். "மேடம், தம்பிக்குக் கல்யாணம். போட்டோல அம்மா சிரிச்சா மஞ்சளா தெரியுது. வெள்ளையா பண்ணிட்டா நல்லா இருக்குமில்ல? செலவு நான் பாத்துக்கறேன்." அவள் ஆசையில் தப்பில்லை. அம்மா எல்லாருக்கும் முன்னால் நிமிர்ந்து சிரிக்க வேண்டும் என்று எந்தப் பெண்ணுக்கு இருக்காது?

கார்த்திக் பஞ்சால் பக்கத்துப் பல்லை மூடிவிட்டு முன்பற்களில் காற்றைப் பீச்சினான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், பஞ்சை மறக்கவில்லை பையன். சரோஜா கண்ணைக்கூட இமைக்கவில்லை. அவன் எக்ஸ்ரேயைச் சுவரில் இருந்த டிவியில் போட்டான். நான் எழுந்து போய் விரலால் காட்டினேன்.

"கார்த்திக், உனக்குக் கால்வாய் தெரியலேன்னியே, எப்படித் தெரியும்? உள்ள பூரா கட்டி முடிச்சாச்சு. சரோஜாம்மா, இங்க பாருங்க. இந்த ஓரம் நீங்க பொறந்து வளந்தப்ப வந்தது. இதுக்கு உள்ள இருக்கற இந்த வெள்ளையெல்லாம் அந்த சீசனுக்கு அப்புறம் வந்தது. கேப் போடணும்னா சுத்திச் சீவணும். இருக்கறதே கொஞ்சம். போட முடியாதுன்னு இல்ல, ஒடைஞ்சா திரும்பக் கட்ட உள்ள ஆள் இல்ல. யோசிச்சு நீங்களே சொல்லுங்க."

சரோஜா டிவியை வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப இது நான் கட்டுனதா?"

"நீங்க கட்டுனதுதான்."

அவர் மகள் பக்கம் திரும்பினார். "கட்டுன சொவத்த யாராச்சும் கல்யாணத்துக்குன்னு இடிப்பாங்களா? போட்டோல மஞ்சளாவே இருந்துட்டுப் போவட்டும்."

மகள் என்னைப் பார்த்தாள், கார்த்திக்கைப் பார்த்தாள், கடைசியில் அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். வரவேற்பு மேஜைமேல் யாரோ நோயாளி கொண்டுவந்து கொடுத்த மாங்காய்கள் ஒரு பையில் இருந்தன. நீளமூக்குப் பெங்களூரா, பச்சை மாறவில்லை. போகிற வழியில் சரோஜா ஒன்றை எடுத்து, சேலையில் துடைத்து, அந்த முன்பற்கள் ஆறாலும் கடக்கென்று கடித்தார். மகள் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு "ஐயோம்மா, எனக்குக் கூசுது" என்றாள். கார்த்திக்கும் முகத்தைச் சுளித்தான். எனக்குக்கூட கடைவாயில் ஒரு சுரீர்.

சரோஜாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணை மூடி மென்றார். ருசி அறையில் நான் பார்த்த அதே முகம்.

"அவசரப்பட்டுப் பறிச்சிருக்காங்க" என்றார். "இன்னும் கொஞ்ச நாள் மரத்துலயே விட்டிருக்கணும்."